கோட்டையும் முகடும்: கைபர் கணவாயை வரைந்த ஒரு படைவீரரின் படம்



இன்றைய பொருள் ஒரே ஒரு படம். லண்டனில் 1847-48ஆம் ஆண்டுகளில் அச்சாகி வெளிவந்த ஒரு கல்லச்சுப் படம். 'அலி மஸ்ஜித் கோட்டையும் கைபர் கணவாயும்' என்பது அதன் தலைப்பு. வரைந்தவர் பெயர் ஜேம்ஸ் ராட்ரே. அவர் தொழில்முறை ஓவியர் அல்லர். கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளப் படையில், 2ஆவது கிரெனேடியர் படைப்பிரிவில் லெப்டினன்டாகப் பணியாற்றியவர். 1839 முதல் 1842 வரை நடந்த முதல் ஆங்கிலேய-ஆப்கான் போரின் காலத்தில் ஆப்கானிஸ்தானின் ஊர்களையும் மக்களையும் மலைகளையும் நேரில் கண்டு வரைந்தவர். கந்தகார் நகரத்தின் உட்புறம், கஜினி கோட்டை, பழங்கள் குவிந்த காபூல் கடைவீதி, ஆப்கான் மக்களின் உடைகள் என்று விரியும் அவருடைய பெரிய படத்தொகுப்பில் இந்தக் கணவாயும் இடம்பெற்றது.

படத்தில் என்ன இருக்கிறது? சுற்றிலும் செங்குத்தான பாறை மலைகள். நடுவே தனித்து எழுந்து நிற்கும் ஒரு குன்று. குன்றின் தலையில் ஒரு கோட்டை. அதன் காலடியில் குறுகிச் செல்லும் வழி. பார்ப்பவரின் கண் முதலில் கோட்டைக்குத்தான் போகிறது. மலைகள் அந்தக் கோட்டைக்குப் பின்னணியாக ஒதுங்கி நிற்கின்றன. கோட்டையைப் பிடித்தவன் கணவாயைப் பிடித்தான் என்று அந்த அமைப்பே சொல்வதுபோல் இருக்கிறது.

அது உண்மைதானா? கோட்டையைப் பிடித்தவர் கணவாயைப் பிடித்தாரா? இந்தக் கேள்வியோடு படத்தை அணுகினால், அதற்குள் ஒரு போரின் வரலாறே அடங்கியிருப்பது தெரியும்.

முதலில் இடத்தைப் பார்ப்போம். பெஷாவருக்கு மேற்கே, சுமார் 16 கிலோமீட்டர் தொலைவில் ஜம்ருத். அங்கே சமவெளி முடிகிறது, மலை தொடங்குகிறது. ஜம்ருதிலிருந்து கணவாய்க்குள் மேலும் ஏறத்தாழ 16 கிலோமீட்டர் சென்றால் அலி மஸ்ஜித். நபிகள் நாயகத்தின் மருமகன் அலியின் பெயரால் அமைந்த ஒரு சிறு பள்ளிவாசல் கீழே இருக்கிறது. ஊருக்கும் கோட்டைக்கும் பெயர் வந்தது அதனால்தான். கைபர் கணவாயின் மிகக் குறுகலான பகுதி இதை ஒட்டியே இருக்கிறது. இருபுறமும் பாறைச் சுவர்கள் நெருங்கி வர, ஓடைப் படுகையே பாதையாகிறது. ஓடையிலிருந்து சுமார் 500 அடி உயரத்தில் குன்றின் உச்சி. அங்கே நின்றால் கீழே வருபவர் எவரும் கண்ணுக்குத் தப்ப முடியாது. இதைத் தாண்டிப் பாதை ஏறி லண்டி கோட்டலை அடைகிறது. பிறகு இறங்கி ஜலாலாபாத் சமவெளிக்குச் செல்கிறது. காபூலிலிருந்து பெஷாவருக்கு வரும் வணிகனுக்கும் படைக்கும் நேர்வழி இதுவே.

இந்த வழிக்குச் சொந்தக்காரர்கள் யார்? வரைபடத்தில் பெயர் எழுதிய பேரரசுகள் பல. ஆனால் மலைமேல் வாழ்ந்தவர்கள் அஃப்ரிதி முதலான பஷ்தூன் குலத்தார். கணவாயைத் திறந்து வைப்பதற்காக அவர்களுக்குப் பணம் கொடுப்பது முகலாயர் காலத்திலிருந்தே வழக்கம். பணம் ஒழுங்காக வந்தால் வழி திறந்திருக்கும். பணம் குறைந்தாலோ, வாக்குத் தவறினாலோ, வழி மூடிக்கொள்ளும். இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனெனில் படத்தில் இது தெரியாது.

இனிப் போருக்கு வருவோம். 1838இல் கவர்னர் ஜெனரல் ஆக்லாந்து பிரபு ஒரு முடிவெடுத்தார். காபூலில் ஆண்ட தோஸ்த் முகமதை நீக்கிவிட்டு, பல்லாண்டுகளாக நாடு கடந்து வாழ்ந்த ஷா ஷூஜாவை அரியணையில் அமர்த்துவது. ரஷ்யாவைப் பற்றிய அச்சம் இந்த முடிவின் அடியில் இருந்தது. ஆனால் பெரும்படை கைபர் வழியாகப் போகவில்லை. இடையில் இருந்த பஞ்சாபின் மன்னர் ரஞ்சித் சிங் அந்தப் படை தம் நாட்டின் நடுவே செல்வதை விரும்பவில்லை. ஆகவே அது சிந்து நாட்டின் வழியாகச் சுற்றி, போலன் கணவாயைக் கடந்து கந்தகாருக்குச் சென்றது. 1839 ஜூலை 23 அன்று கஜினி விழுந்தது. ஆகஸ்டில் காபூல் விழுந்தது.

கைபர் வழியாகச் சென்றது ஒரு சிறு படைதான். ஷா ஷூஜாவின் மகன் தைமூரும், ஆங்கிலேய அதிகாரி கிளாட் வேடும், சீக்கியர் துணையோடு பெஷாவரிலிருந்து நுழைந்தார்கள். 1839 ஜூலை இறுதியில் அலி மஸ்ஜித் அவர்கள் கைக்கு வந்தது. கோட்டை கிடைத்தது, வழி கிடைத்தது, காபூல் கிடைத்தது. எல்லாம் எளிதாக முடிந்துவிட்டதாகத் தோன்றியது.

தோன்றியதுதான். செலவைக் குறைக்க வேண்டும் என்ற நெருக்கடியில், 1841 அக்டோபரில் காபூலுக்குக் கிழக்கே மலைவழிகளைக் காத்த கில்ஸாய் குலத்தாருக்குக் கொடுத்துவந்த பணம் குறைக்கப்பட்டது. உடனே அந்த வழிகள் அடைபட்டன. நவம்பர் 2 அன்று காபூலில் ஆங்கிலேய அதிகாரி அலெக்சாண்டர் பர்ன்ஸ் கொல்லப்பட்டார். டிசம்பர் 23 அன்று ஆங்கிலேயத் தூதர் மக்னாட்டன் கொல்லப்பட்டார். 1842 ஜனவரி 6 அன்று, கொட்டும் பனியில், சுமார் 4,500 படைவீரர்களும் 12,000 பணியாளர்களும் குடும்பத்தாரும் காபூலைவிட்டுப் புறப்பட்டார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்களும், சமைப்பவரும் சுமப்பவரும் குதிரை பார்ப்பவருமான இந்திய ஏழைகளும்தான். பனியிலும் குண்டிலும் பட்டினியிலும் அவர்கள் அழிந்தார்கள். ஜனவரி 13 அன்று மருத்துவர் வில்லியம் பிரைடன் குதிரையில் தனியாக ஜலாலாபாத் வந்து சேர்ந்தார். பிரைடனின் பெயரை எல்லா நூல்களும் சொல்கின்றன. அந்தச் சிப்பாய்களின் பெயர்களைச் சொல்லும் நூல் அரிது. ராட்ரேயின் தொகுப்பில் ஜக்தல்லக் என்ற இடத்தின் படமும் இருக்கிறது. அந்தப் படை கடைசியாக எதிர்த்து நின்ற இடங்களில் ஒன்று அது.

இப்போது அலி மஸ்ஜிதுக்குத் திரும்புவோம். 1842ஆம் ஆண்டில் மட்டும் இந்தக் கணவாய் மூன்று பாடங்களைக் கற்பித்தது. மூன்றையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

முதலாவது ஜனவரியில். ஜலாலாபாத்தில் ராபர்ட் சேல் தலைமையில் ஒரு படை முற்றுகைக்குள் சிக்கியிருந்தது. அதை மீட்கப் பெஷாவரிலிருந்து பிரிகேடியர் வைல்ட் அனுப்பப்பட்டார். திட்டம் எளிமையானது. முதலில் கோட்டையைப் பிடிப்பது, பிறகு வழியே செல்வது. ஜனவரி 15 இரவில் இரண்டு சிப்பாய்ப் படைப்பிரிவுகள் இருட்டோடு இருட்டாக நடந்து அலி மஸ்ஜிதைப் பிடித்துவிட்டன. வெற்றிதான். ஆனால் விடிந்ததும் தெரிந்தது என்ன? உணவு ஏற்றிய சுமார் 350 எருதுகள் உடன் வந்திருக்க வேண்டும். வந்து சேர்ந்தவை ஐம்பது அறுபதுதான். மற்றவை இருட்டில் பின்தங்கிவிட்டன. கோட்டை கையில் இருந்தது, அடுப்பில் வைக்க ஒன்றும் இல்லை. இரண்டு படைப்பிரிவுகள் ஒரு குன்றின் உச்சியில், சுற்றிலும் அஃப்ரிதிகள் முகடுகளில்.

சில நாள் கழித்து வைல்ட் மீதிப் படையோடு கணவாய்க்குள் நுழைய முயன்றார். துணைக்கு வரவேண்டிய சீக்கியப் படை திரும்பிப் போய்விட்டது. இரவல் வாங்கிய பீரங்கி வண்டிகள் முறிந்தன. வைல்டே காயம்பட்டார். படை ஜம்ருதுக்குத் திரும்பியது. உள்ளே இருந்தவர்கள் பசியோடும் நோயோடும் கோட்டையைக் கைவிட்டு, சுடப்பட்டுக்கொண்டே வெளியேறினார்கள். கோட்டையைப் பிடித்தார்கள். கணவாயைப் பிடித்தார்களா? இல்லை.

இரண்டாவது ஏப்ரலில். பொறுப்பு இப்போது ஜார்ஜ் போலாக்கிடம் வந்தது. அவர் பீரங்கிப் படையில் வளர்ந்தவர். பெஷாவருக்கு வந்ததும் அவர் பாய்ந்து புறப்படவில்லை. மருத்துவமனையில் கிடந்த வீரர்கள் தேறும்வரை, மனம் தளர்ந்த சிப்பாய்கள் தெம்பு பெறும்வரை, இரண்டு மாதம் காத்திருந்தார். ஜலாலாபாத்திலிருந்து உதவி கேட்டுக் கடிதங்கள் வந்துகொண்டே இருந்தன. இருந்தும் காத்திருந்தார். அந்தப் பொறுமைதான் அவருடைய மிகப் பெரிய படைத்திறன் என்று சொல்லத் தோன்றுகிறது.

ஏப்ரல் 5 அன்று, விடிவதற்கு வெகு முன்பே, முரசு இல்லாமல், கொம்பு இல்லாமல், படை நகர்ந்தது. கணவாயின் வாயை அஃப்ரிதிகள் கல்லாலும் மண்ணாலும் மரக்கிளைகளாலும் குறுக்கே அடைத்திருந்தார்கள். போலாக் அந்த அடைப்பை நேரே முட்டவில்லை. வலப்புறம் ஒரு படைவரிசை, இடப்புறம் ஒரு படைவரிசை, இரண்டும் செங்குத்தான சரிவுகளில் ஏறின. கீழே பீரங்கிகளும் மூட்டைகளும் காத்திருந்தன. அஃப்ரிதிகளின் ஜெஸாயில் என்னும் நீண்ட துப்பாக்கி, சிப்பாயின் கையிலிருந்த துப்பாக்கியைவிட வெகுதூரம் சுடும். முகட்டில் அமர்ந்து கீழே சுடுபவனுக்கு அது பெரும் பலம். ஆனால் முகட்டைவிட உயரமான முகட்டுக்கு எதிரி ஏறிவிட்டால்? அந்தப் பலம் போய்விட்டது. பக்கவாட்டில் சுற்றி வளைக்கப்படுகிறோம் என்று கண்டதும் அடைப்பைக் காத்தவர்கள் விட்டு விலகினார்கள். பாதை திறந்தது. அன்றே அலி மஸ்ஜிதையும் அஃப்ரிதிகள் காலிசெய்துவிட்டார்கள். முகடுகளைப் பிடித்ததும் கோட்டை தானாகவே வந்து சேர்ந்தது. ஏப்ரல் 16 அன்று போலாக் ஜலாலாபாத்தை அடைந்தார். செப்டம்பரில் காபூலை அடைந்தார்.

மூன்றாவது பாடம் திரும்பும்போது. அக்டோபரில் ஆங்கிலேயப் படைகள் காபூலின் பெரிய கடைவீதியை இடித்துவிட்டு இந்தியாவுக்குத் திரும்பின. தோற்றது ஓர் அரசின் கொள்கை. தண்டிக்கப்பட்டது கடைக்காரர்களின் வீதி. நவம்பர் தொடக்கத்தில் படைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைபருக்குள் வந்தன. முன்னால் வந்த போலாக், வந்த வழியில் செய்ததுபோலவே முகடுகளில் ஆளேற்றிக் காவல் வைத்து, பெரிய இழப்பில்லாமல் கடந்தார். பின்னால் வந்த படைப்பிரிவு அந்தக் கவனத்தைக் காட்டவில்லை. வெற்றி பெற்றுத் திரும்புகிறோம் என்ற நினைப்பு. அலி மஸ்ஜித் அருகே இருள் சூழ்ந்தபோது அஃப்ரிதிகள் இறங்கி வந்தார்கள். வீரர்கள் பலர் மாண்டார்கள், இரண்டு பீரங்கிகள் பறிபோயின. அதே கணவாய், அதே வாரம். முகட்டில் காவல் வைத்தவர் கடந்தார், வைக்காதவர் விழுந்தார்.

கடைசியாக வந்தது, கந்தகாரிலிருந்து புறப்பட்ட ஜெனரல் வில்லியம் நாட் தலைமையிலான படை. ராட்ரேயின் 2ஆவது படைப்பிரிவு அந்தப் படையைச் சேர்ந்தது. படைகள் வெளியேறும்போது அலி மஸ்ஜித் கோட்டையைத் தகர்த்துவிட்டுச் சென்றன. ஆகவே லண்டனில் இந்தப் படம் விற்பனைக்கு வந்தபோது, படத்தில் கம்பீரமாக நின்ற கோட்டையின் அரண்கள் மலைமேல் சிதைந்து கிடந்தன.

ஒரு படைவீரருக்கு இப்படி வரையத் தெரிந்தது எப்படி? அந்தக் காலத்தில் அது வியப்பான திறமை அல்ல. அது பயிற்சியின் ஒரு பகுதி. ஒளிப்படம் போர்க்களத்துக்கு வராத காலம். ஒரு மலையின் வடிவத்தை, ஒரு கோட்டையின் பலவீனமான பக்கத்தை, தளபதியின் கூடாரத்துக்குக் கொண்டுபோக வேறு என்ன வழி? கைதான். இங்கிலாந்தின் ஊலிச் ராணுவக் கல்லூரியில் 1768 முதல் முதன்மை ஓவிய ஆசிரியராக இருந்தவர் பால் சாண்ட்பி என்ற புகழ்பெற்ற இயற்கைக்காட்சி ஓவியர். கம்பெனி 1809இல் தொடங்கிய அடிஸ்கோம் கல்லூரியிலும் பீரங்கி, பொறியியல் பிரிவு மாணவர்கள் வரைபடமும் ஓவியமும் கற்றார்கள். தரைப்படம் ஒருபுறம், காட்சிப்படம் ஒருபுறம். தரைப்படம் தூரத்தைச் சொல்லும். காட்சிப்படம், அங்கே நிற்பவனுக்கு என்ன தெரியும் என்பதைச் சொல்லும்.

இந்தப் பழக்கத்தின் தடம் தமிழ்நாட்டு மலைகளிலும் உண்டு. 1790 முதல் 1792 வரை திப்பு சுல்தானோடு நடந்த மூன்றாம் மைசூர்ப் போரில், மைசூருக்கு ஏறும் கணவாய்களைக் காத்தவை பாராமகால் பகுதியின் மலைக்கோட்டைகள். 1791 ஜூலையில் ராயக்கோட்டை கம்பெனியிடம் வீழ்ந்தது. அதே ஆண்டு நவம்பரில் கிருஷ்ணகிரி மலையைத் தாக்கிய படை உச்சிக்கோட்டைக்குள் நுழைய முடியாமல் திரும்பியது. அந்தப் போரில் இருந்த அலெக்சாண்டர் ஆலன், ராபர்ட் கோல்புரூக் ஆகிய படை அதிகாரிகள் மைசூர் நாட்டுக் கோட்டைகளை வரைந்தார்கள். அவர்களுடைய படத்தொகுப்புகள் 1790களிலேயே லண்டனில் வெளிவந்தன. கோல்புரூக் பின்னர் வங்காளத்தின் தலைமை நில அளவையாளரானார். வரையும் கையும் அளக்கும் கையும் ஒரே கையாக இருந்தன.

ஆப்கான் போரிலும் ராட்ரே தனியாக இல்லை. படையின் தலைமை மருத்துவராகச் சென்ற ஜேம்ஸ் அட்கின்சன் போலன் கணவாயை வரைந்தார். பிர்தௌசியின் ஷாநாமாவை ஆங்கிலத்தில் தந்தவரும் அவரே. அவருடைய தொகுப்பு 1842இல் வந்தது. பீரங்கிப் படையின் லெப்டினன்ட் வின்சென்ட் அயர், காபூலிலிருந்து பின்வாங்கும்போது பிணைக்கைதியாகப் பிடிபட்டவர். சிறைப்பட்ட மாதங்களில் உடன் இருந்தவர்களின் முகங்களை வரைந்தார். அவை 1843இல் அச்சாயின.

மலையில் வரைந்த படம் லண்டனில் அச்சாவது எப்படி? இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். ராட்ரேயின் படங்களைக் கல்லில் வரைந்தவர்களில் ஒருவர் ராபர்ட் கேரிக் என்ற கலைஞர். வழவழப்பாகத் தேய்த்த சுண்ணாம்புக் கல்லின்மீது மெழுகுக் கொழுப்பு கலந்த கோலால் வரைவார்கள். கல்லை நனைத்து மை தடவினால், கோடு இருக்கும் இடத்தில் மட்டும் மை பிடிக்கும், ஈரமான இடத்தில் பிடிக்காது. தாளை வைத்து அழுத்தினால் படம் வரும். ஆனால் இடம் வலமாக வரும். ஆகவே கல்லில் வரைபவர் ஒவ்வொரு மலையையும் ஒவ்வொரு வளைவையும் இடம் வலமாக மாற்றி வரைய வேண்டும். அதில் தவறு நேர்ந்தால் கணவாயின் வலது முகடு இடதாகிவிடும். படைக்குப் போகும் குறிப்புப் படத்தில் அப்படி நேர்ந்தால் உயிர்ச்சேதம். வரவேற்பறைக்குப் போகும் படத்தில் அப்படி நேர்ந்தால் கண்டுபிடிப்பவர் யார்? பிறகு வண்ணம். விலையுயர்ந்த பிரதிகளுக்குத் தூரிகையால் கையாலேயே வண்ணம் தீட்டினார்கள். தீட்டியவர்கள் கைபரைக் கண்டவர்கள் அல்லர்.

ஆக, இந்தப் படத்தில் இரண்டு கண்கள் இருக்கின்றன. ஒன்று படைவீரரின் கண். குன்று எங்கே நிற்கிறது, வழி எங்கே குறுகுகிறது என்று அது கவனிக்கிறது. மற்றொன்று அக்கால ஓவிய மரபின் கண். நடுவில் ஒரு கோட்டை வேண்டும், சுற்றிலும் அச்சமூட்டும் மலை வேண்டும், ஒளியும் நிழலும் மோத வேண்டும் என்று அது கேட்கிறது. முதல் கண்ணால் இந்தப் படம் நம்பத்தக்க சான்று. அலி மஸ்ஜித் ஏன் கைபருக்கு ஒரு பூட்டுப்போல இருந்தது என்பது ஒரு பார்வையிலேயே புரிகிறது. இரண்டாவது கண்ணோ கோட்டையை நாயகனாக்கிவிட்டது. வைல்டின் சிப்பாய்களைப் பட்டினி போட்டதும், போலாக்குக்கு வழி திறந்ததும், பின்படையை வீழ்த்தியதும் படத்தின் ஓரத்தில், நிழலில், பின்னணியாக விடப்பட்ட அந்த முகடுகள்தான்.

இதை உறுதிப்படுத்த இன்னொரு போர் வந்தது. 1878 நவம்பர் 21. இரண்டாம் ஆப்கான் போரின் முதல் சண்டையே அலி மஸ்ஜிதில். இப்போது அங்கே ஆப்கான் அமீரின் படை பீரங்கிகளோடு இருந்தது. தளபதி சாம் பிரவுன் எதிரே இருந்த ஷகாய் மேட்டிலிருந்து பகல் முழுதும் பீரங்கியால் சுட்டார். கோட்டையின் பீரங்கிகளும் பதில் சொல்லின. நேர்த் தாக்குதலில் அன்று கோட்டை விழவில்லை. ஆனால் இரண்டு படைப்பிரிவுகள் முந்தைய இரவே மலைகளைச் சுற்றி அனுப்பப்பட்டிருந்தன. கரடுமுரடான அந்த வழியில் அவை தாமதமாகவே போய்ச் சேர்ந்தன. ஆயினும் பின்வழி அடைபடப்போகிறது என்ற செய்தியே போதுமானதாக இருந்தது. இரவோடு இரவாகக் காவல்படை வெளியேறியது. விடிந்தபோது கோட்டையில் ஆளில்லை.

அந்தப் போரில் படமெடுக்க வந்தவர்களும் மாறியிருந்தார்கள். ஜான் பர்க் என்ற ஒளிப்படக் கலைஞர் கண்ணாடித் தகடுகளையும் பெரிய கேமராவையும் சுமந்துவந்து அலி மஸ்ஜிதைப் படம்பிடித்தார். செய்தி இதழுக்காக வந்த ஓவியர் வில்லியம் சிம்ப்சன் சண்டையை வரைந்ததோடு நிற்காமல், அந்தப் பகுதியின் பழைய பௌத்தத் தூபிகளையும் ஆராய்ந்தார். பர்க்கின் படங்களில் குன்று அகலமாகவும் மலைகள் ஓங்கியும் தெரிகின்றன. கேமரா மலைகளைப் பின்னணிக்குத் தள்ளவில்லை.

1925 நவம்பரில் ஜம்ருதிலிருந்து லண்டி கோட்டல்வரை ரயில் ஓடத் தொடங்கியது. 34 சுரங்கங்களைக் குடைந்து அந்தப் பாதையைப் போட்டார்கள். சாலையும் அகலமானது. ஆனால் கணவாயைக் காக்கும் முறை போலாக் காட்டிய முறையாகவே நீடித்தது. ஆங்கிலேயர் ஆட்சியின் பிற்காலத்தில் கைபர் சாலை போக்குவரத்துக்குத் திறக்கும் நாள்களில், முதலில் இருபுற முகடுகளிலும் காவலர் ஏறி நிலைகொள்வார்கள். அதன்பிறகே ஒட்டகக் கூட்டமும் வண்டிகளும் கீழே நகரும். அந்தக் காவல் வேலைக்குச் சேர்க்கப்பட்டவர்களில் பலர் அஃப்ரிதிகள்தான்.